ஆளில்லாத வளவு

தனுஷா ரீச்சரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பண்டத்தரிப்பில் தாய் மகாதேவியோடு இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறாள். நாற்பதைத் தொட இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. கலியாணப் பேச்சை எடுத்தவர்கள்தான் அதற்குள் களைத்துப் போனார்கள். தகப்பன் சோமசேகரம் போன ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் கண்ணை மூடினார். நோர்வேயில் இருக்கும் தம்பி கஜானன் அன்றிலிருந்து இந்த வீட்டோடு கதைப்பதில்லை.

ஏன் என்பதைத் தொடர்ந்து வாசிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயிர் பிரிந்த கையோடு பெரியப்பாவின் மகன் நிருஷன் ஒரு படம் எடுத்து அந்தப் பெரிய தளத்தில் போட்டுவிட்டான். அதன் பெயர் எதற்கு? நீங்களும் நானும் அங்கேதானே கிடக்கிறோம். வீட்டில் அழுதுகொண்டிருந்த ஒவ்வொருவரும் கஜானனுக்கு மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவனோ பேர்கன் துறைமுகத்தில் மின்சார வேலை முடித்துப் படகிலிருந்து இறங்கிப் போனைத் திறந்தான். முன்பின் தெரியாத ஒருவர் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதியிருந்தார். யாருக்கு அனுதாபம் என்று மேலே தள்ளிப் பார்த்தான். அப்பாவின் முகம், மூக்கில் பஞ்சு.

'ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு எனக்குச் சொல்லேல்லை' என்று அக்காவுக்கு ஒரு வரி அனுப்பினான். பிறகு கணக்கை மூடினான், நம்பரை மாற்றினான். செத்தவீட்டுக்கும் வரவில்லை, முப்பத்தோராம் நாளுக்கும் வரவில்லை. அவன் வைக்க வேண்டிய கொள்ளியை நிருஷன் வைத்தான். அன்றிலிருந்து மகாதேவி, "எனக்கு ஒரு பிள்ளைதான்" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

இன்று சோமசேகரத்தாரின் ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருடம்.

விடிந்ததும் விடியாததுமாகத் தனுஷா செய்த முதல் வேலை, கொம்பியூட்டரைத் திறந்து 'சோமர் வளவு' என்ற பக்கத்தைப் பார்த்ததுதான். முதல் நாள் பின்னேரம் அதில் எழுதியிருந்தாள்: 'நாளைக்கு அப்பாவின் ஆட்டைத் திவசம். படங்களை இங்கே மட்டும்தான் போடுவேன். எல்லாரும் வாருங்கள்.' அதற்குக் கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. இருக்கிறவர்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், அவளுடையது.

அது என்ன வளவு என்று கேட்பீர்கள். பெரிய தளம் ஒரு முதலாளியின் கலியாண மண்டபம். எல்லாரும் உள்ளே போகலாம். ஆனால் கதவு அவனுடையது, விளக்கு அவனுடையது, யார் பேச்சு யார் காதில் விழவேண்டும் என்பதையும் அவன்தான் முடிவு செய்வான். தனுஷா எடுத்தது வேறு வகை மென்பொருள். அதில் முதலாளி இல்லை. ஆளுக்கொரு வளவு, வளவுக்கொரு வேலி. அடுத்த வீட்டுக்குப் போக நாம் ரோட்டைச் சுற்றியா போகிறோம்? வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு விட்டு, குனிந்து போய்விட்டு வருவோமே, அப்படி ஒரு வளவில் இருக்கிறவர் இன்னொரு வளவில் இருக்கிறவரோடு கதைக்கலாம். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை ஒரு பாடமாகவே எடுத்திருக்கிறாள். பிள்ளைகள் அழகாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெரிய தளத்தையே திறந்தார்கள்.

ஆனால் கொள்கைக்காக அவள் வளவு எடுக்கவில்லை, தம்பிக்காகத்தான் எடுத்தாள். கஜானனின் கூட்டாளி அருட்செல்வன் ஒருநாள் சந்தையில் கண்டு, "அக்கா, அவன் இப்ப உந்தப் பெரிசிலை இல்லை. பேர்கனிலை ஒரு சின்னச் சங்கம் நடத்துற வளவு ஒண்டு இருக்கு. அதிலை எழுதுறான். நம்பர் தர மாட்டன், சத்தியம் வாங்கிப்போட்டான். எழுதுற இடத்தைச் சொல்லுறன்" என்றான்.

அன்றிலிருந்து அவள் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறாள். கஜானன் மழையைப் பற்றி எழுதுவான். படகுக் கயிற்றைப் பற்றி எழுதுவான். தன் பாணைப் பறித்துக்கொண்டு போன கடற்பறவை ஒன்றைத் திட்டி எழுதுவான். எல்லாம் நல்ல தமிழில் இருக்கும். வாசிக்க ஆளில்லாத தேசத்தில் யாருக்காக எழுதுகிறான் என்று அவள் யோசிப்பாள். அவன் பெயருக்குக் கீழே 'பின்தொடர' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் அவனுக்குத் தெரியும், அவன் சம்மதித்தால் கதைக்கலாம். இத்தனை மாதத்தில் அவள் அதை ஒருமுறையும் அழுத்தவில்லை.

அழுத்தி, அவன் மறுத்துவிட்டால்? இப்போது 'தம்பி கதைக்கிறதில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு 'தம்பி வேண்டாம் எண்டிட்டான்' என்று ஆகிவிடும். அந்தச் சொல்லோடு இந்த வீட்டில் தனியாக இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கோபித்துக்கொண்டு போனவனிடம் நாலு பேரோடு போவதுதான் நம்முடைய வழக்கம். பெரியப்பா முன்னுக்கு, மாமி பக்கத்தில், பின்னுக்கு ஒரு வாழைக்குலை. நாலு பேர் முகத்துக்காக எந்த முரடனும் படலையைத் திறப்பான். அந்த நாலு பேரைச் சேர்க்கத்தான் 'சோமர் வளவு'. சொந்தக்காரர் எல்லாருக்கும் லிங் அனுப்பினாள். படத்தோடு விளக்கம் எழுதினாள், வீடியோ எடுத்தாள். கஜானனின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. அம்மாவின் காதுக்குப் போனால் வீடு இரண்டுபடும். எல்லாரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். ஒருவரும் வரவில்லை.

காலையிலேயே ரொறன்ரோ மாமி போன் எடுத்தாள்.

"பிள்ளை, திவசம் எத்தினை மணிக்கு? நிருஷன் லைவ் போடுவான்தானே?"

"மாமி, நான் வளவிலை படம் போடுறன். லிங் அனுப்பினனே."

"ஐயோ, அதை ஏன் கேக்கிறாய். அந்த அப்பைப் போனிலை போட்டனான். போட்ட உடனை, எந்த வளவிலை இருக்கப் போறாய் எண்டு ஒரு நீளப் பட்டியல் காட்டுது. ஒரு பேரும் தெரியேல்லை. பிழையான இடத்தை அமத்தி, ஆரோ ஒருத்தரின்ரை வீட்டுக்கை போயிட்டால்? பேசாமல் அழிச்சுப்போட்டன்."

"நான் அனுப்பின லிங்கை அமத்தினால் நேரை எங்கடை வளவுக்குத்தான் வரும் மாமி."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"நான் இருக்கிறன்."

"உன்னோடைதான் போனிலை கதைக்கிறனே. மற்ற ஆக்கள்?"

தனுஷா திரையில் தன் ஒற்றைப் பெயரைப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாப் பிறகு சொல்லு, நானும் வாறன். முதல் ஆளாய்ப் போய் வெறும் வீட்டுக்கை நிண்டு என்னத்தைச் செய்யிறது? ஏற்கெனவே எனக்கு எட்டுக் குறூப். குட்மோணிங் பாத்து முடியவே மத்தியானம் ஆகுது."

"நீங்கள் வந்தால்தான் மற்றாக்களும் வருவினம் மாமி."

"ஓமடி, அதைத்தான் லண்டன் அண்ணியும் சொன்னவ. நான் போனால் தானும் வாறாவாம்."

இவள் வந்தால் அவள் வருவாள், அவள் வந்தால் இவள் வருவாள். போனை வைத்துவிட்டுத் தனுஷா வாழைக்காய் சீவப் போனாள்.

பத்து மணியளவில் சொந்தங்கள் வந்து சேர்ந்தன. சாவகச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பெரியப்பா இராசநாயகம் வந்தார். தன் தம்பி சோமசேகரத்தின் படத்துக்கு முன்னால் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்லூரில் போன் கடை வைத்திருக்கும் அவர் மகன் நிருஷன் மோட்டார் சைக்கிளில் வந்தான். திவசம் செய்யப்போகிறவன் அவன்தான். வேட்டி ஒரு பையில், போனை நிறுத்தும் முக்காலி மற்றப் பையில். வேட்டியைக் கட்டுமுன் முக்காலியை விரித்தான்.

தனுஷா குசினியிலிருந்து விரைந்து வந்தாள்.

"அண்ணை, லைவ் வேண்டாம் எண்டு போன கிழமையே சொன்னனான். நீங்களும் ஓமெண்டனீங்கள்."

"ஓமெண்டனான்தான். நேற்று முழுக்க எத்தினை பேர் எடுத்திட்டினம் தெரியுமோ? கனடா, லண்டன், பிரான்ஸ். சனம் சித்தப்பான்ரை திவசத்தைப் பாக்க ஆசைப்படுது. வேண்டாமெண்டு எப்பிடித் தங்கச்சி சொல்லுறது?"

"நான் வளவிலை போடுறன். அங்கை வந்து பாக்கட்டும்."

"உன்ரை வளவிலை போட்டால் ஆர் பாப்பினம்? நீயும் சித்தப்பான்ரை படமும்தான்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அதனால்தான் அவளுக்குச் சுட்டது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் கேக்காமல் போட்டனீங்கள்" என்றாள்.

நிருஷன் முக்காலியின் திருகாணியை இறுக்கிக்கொண்டே நின்றான். இறுக்கியதையே திரும்ப இறுக்கினான். "நான் அவனுக்கு ஆரும் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சனான்" என்று மெதுவாகச் சொன்னான். அதற்குள் ஐயர் வந்துவிட்டார். பேச்சு அதோடு நின்றது.

தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு நிருஷன் உட்கார்ந்தான். ஐயர் சோமசேகரத்தாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு மந்திரம் சொன்னார். முக்காலியின் மேல் போன் ஓயாமல் மின்னியது. இதயங்களும் கும்பிடும் கைகளும் அடிப்பக்கத்திலிருந்து எழும்பி மேலே போய்க்கொண்டிருந்தன. தனுஷா கதவடியில் நின்று தன் போனில் இரண்டு படம் எடுத்தாள். வாழையிலையில் அம்மா சோறும், பூசணிக்காய்க் கறியும், பாயசமும், அப்பாவுக்குப் பிடித்த உழுந்து வடையும் வைத்த படம் ஒன்று. எள்ளுந் தண்ணியும் இறைக்கும் நிருஷனின் கை மற்றது. வளவில் போட்டாள். திரையை இழுத்து விட்டாள், திரும்பவும் இழுத்து விட்டாள். ஒன்றும் வரவில்லை. முன்னால் நூற்றுக்கணக்கான பேர் கூடி நிற்க, வீட்டுக்காரியான தான் மட்டும் ஒரு வெறும் வளவில் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. திவச வீடு என்பதால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து, கதிரைகள் மாமரத்தடிக்கு வந்தன. மகாதேவி பித்தளைப் பாத்திரங்களை வாரிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். தனுஷா இனிப் பொறுக்க முடியாமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

"பெரியப்பா, உங்களுக்கும் லிங் அனுப்பினனான். பாக்கேல்லையோ?"

"பாத்தனான்." குரல் இறுக்கமாக வந்தது.

"பின்னை ஏன் வரேல்லை?"

"வந்தனான் பிள்ளை."

"வந்தனீங்களோ? நான் காணேல்லையே!"

"வாசலோடை திரும்பிப்போட்டன்." அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "பேரைக் கேட்டுது, குடுத்தன். ஊரைக் கேட்டுது, குடுத்தன். பிறகு கேக்குது, நீங்கள் ஏன் இணைய விரும்புகிறீர்கள், காரணம் தருக எண்டு. என்ரை தம்பியின்ரை பேரை வாசல்லை எழுதி வைச்சுப்போட்டு, அந்த வளவுக்கு நான் ஏன் வாறன் எண்டு காரணம் கேக்கிறியோ? எனக்கு என்னவோ செய்திட்டுது. போனை மூடி வைச்சிட்டன்."

"அது... அது நான் கேட்டதில்லை பெரியப்பா. அந்தச் சாமானோடை வாற கேள்வி. கள்ள ஆக்கள் உள்ளுக்கை வராமல் இருக்க எல்லா வளவிலையும் கேப்பினம்."

"தமிழிலை எல்லோ இருந்தது."

"தமிழிலை போட்டது நான்தான்."

நிருஷன் பக்கத்துக் கதிரையிலிருந்து சிரித்தான். "எனக்கும் அந்தக் கேள்வி வந்தது தங்கச்சி. ஆர் நீ, எங்கையிருந்து வாறாய், ஏன் வாறாய். இந்த ரோட்டாலை போக வர எவ்வளவு காலம் ஆமிக்காரனுக்கு உந்தக் கேள்விக்கு மறுமொழி சொன்னனாங்கள்! உது என்னவோ பதிவு எடுக்கிற வேலை எண்டு நினைச்சு அப்பிடியே விட்டிட்டன். எங்கடை ஆக்களிலை கனபேர் அதாலைதான் திரும்பியிருப்பினம்."

பாருங்கள், இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள் செய்த வேலையை. நம் வீட்டுப் படலையைத் திறந்து யார் வந்தாலும், கோட்டில் வழக்குப் பேசுகிறவனே வந்தாலும், 'வாங்கோ, இருங்கோ' என்றுதான் சொல்லுவோம். தண்ணி கொடுப்போம், தேத்தண்ணி கொடுப்போம். மழை, வெயில், வெங்காயத்தின் விலை எல்லாம் கதைத்து முடிந்து, வந்தவர் தானாகச் சொன்னால்தான் வந்த காரியம் வெளியில் வரும். 'என்னத்துக்கு வந்தனீங்கள்?' என்று வாசலில் கேட்பது, திரும்பிப் போ என்பதற்குச் சமானம். ரீச்சர் அம்மா அந்தக் கேள்வியைப் பரீட்சைத் தாளில் போடுவதுபோலக் 'காரணம் தருக' என்று சேர்த்து, பிழையில்லாத தமிழில் வாசலில் தொங்கவிட்டிருக்கிறாள்!

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உள்ளே ஓடிப்போய்க் கேள்வியை அழித்தாள். ஓடி வந்தாள்.

"எடுத்திட்டன் பெரியப்பா. இப்ப வாங்கோ, போனைத் தாங்கோ, நானே சேத்து விடுறன்."

இராசநாயகம் மணிக்கூட்டைப் பார்த்தார். "எனக்குப் பஸ்சுக்கு நேரமாகுது. இன்னொரு நாள் பாப்பம்."

"ஒரு நிமிசம்தான் பெரியப்பா."

"கோவத்திலை சொல்லேல்லைப் பிள்ளை. கேள்வியை எடுத்திட்டாய், நல்லது. ஆனா அங்கை வந்து நான் ஆரோடை கதைக்கிறது? என்னோடை படிச்சவை, மருமக்கள், செத்தவீட்டு அறிவித்தல், கோயில் திருவிழா, எல்லாம் மற்றதிலைதான் கிடக்கு. அது கூடாத இடம் எண்டு எனக்கும் தெரியும். எல்லாரும் இருக்கிற கூடாத இடத்தை விட்டிட்டு ஒருத்தரும் இல்லாத நல்ல இடத்துக்கு இந்த வயதிலை எப்பிடி வாறது? நாளைக்கு நீயும் கலியாணம் கட்டிப் போயிட்டால் உந்த வளவை ஆர் பாக்கிறது? அதுக்குள்ளை எழுதினது எல்லாம் எங்கை போகும்?"

அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் தானாகவே வந்துவிட்டது.

"கஜானன் அங்கை இருக்கிறான் பெரியப்பா."

கிணற்றடிப் பக்கம் அவர் தலை திரும்பியது. மகாதேவிக்குக் கேட்கவில்லை.

"கதைக்கிறவனோ?"

"இல்லை. அவன்ரை வளவு வேறை. எங்கடை வளவிலை இருந்து அவனோடை கதைக்கலாம். அதுக்குத்தான் எல்லாரையும் கூப்பிட்டனான். நீங்கள் எல்லாரும் நிண்டால் அவன் முகம் முறிக்க மாட்டான்."

பெரியவர் குனிந்து வெற்றிலையைத் துப்பினார். "அவன் எங்களைக் கூப்பிடேல்லையே பிள்ளை. கூப்பிடாமல் எப்பிடி?" என்று சொல்லி எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார். படலை மட்டும் வந்தவர் அவளுடைய தலையில் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் பஸ்சுக்கு நடந்தார்.

நிருஷன் கடைசியாகப் போனான். ஹெல்மெட்டைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டான்.

"நீ அவனுக்கு எழுதினியோ?"

"இல்லை."

"ஒரு சொல்லும்?"

"இல்லை அண்ணை."

"நீயே போகாத இடத்துக்கு எங்களைப் போகச் சொல்லுறாய்" என்றான். அதில் குத்தல் இல்லை. "எழுதினால் நான் கேட்டதாய்..." என்று தொடங்கியவன், "வேண்டாம், விடு" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

வீடு வெறுமையாகிவிட்டது. மடித்து வைக்க வேண்டிய கதிரைகள் மாமரத்தடியில் கிடந்தன. கிணற்றடியில் அம்மா புளி போட்டுப் பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. காலையிலிருந்து தாயும் மகளும் சமையலைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நேற்றும் அப்படித்தான். அப்பா இருந்த காலத்தில் இந்த வீட்டில் எந்நேரமும் ரேடியோ பாடும். அவரே அதோடு சண்டை பிடிப்பார். இப்போது அந்த ரேடியோவைப் போட இரண்டு பேருக்கும் மனம் வருவதில்லை.

தனுஷா மேசையில் இருந்து தம்பியின் பக்கத்தைத் திறந்தாள்.

இன்று காலையில் ஒரு படம் போட்டிருந்தான். மழை வழியும் ஒரு சன்னல். அதன் விளிம்பில் ஒரு பீங்கான் தட்டு, அதில் கொஞ்சச் சோறு, ஒரு மரக்கறி, ஒரு வடை. வடை கடையில் வாங்கியதாக இருக்கவேண்டும். ஓட்டை அவ்வளவு வட்டமாக இருந்தது. கீழே 'இண்டைக்கு அப்பாவுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தான். யாரோ வெள்ளைக்காரர் ஒருவர் வடையைக் கண்டு, இது இனிப்பா என்று கேட்டிருந்தார். 'இல்லை, உப்பு' என்று இவன் பதில் சொல்லியிருந்தான். அந்தப் படத்துக்குக் கீழே அவ்வளவுதான் இருந்தது.

பிள்ளைக்குத் திவச நாள் தெரிந்திருக்கிறது. திதி பார்த்து, சமைத்து, படைத்து, அப்பா யார் என்று ஒருவருக்கும் தெரியாத ஊரில் ஒரு சன்னலுக்கு முன்னால் தனியே நின்றிருக்கிறான். அவனுக்குப் பக்கத்திலும் நாலு பேர் இல்லை. மாமிக்குப் பயம், பெரியப்பாவுக்கு ரோசம், நிருஷனுக்குச் சந்தேகம் என்று இத்தனை நாளும் ஊரை நொந்துகொண்டாளே, எல்லாரையும் விடப் பெரிய பயந்தாங்கொள்ளி இந்த மேசையில் அல்லவா இருந்திருக்கிறாள்.

பொத்தானை அழுத்தினாள். 'கேட்டிருக்கிறீர்கள். அவர் சம்மதிக்கும் வரை காத்திருங்கள்' என்று வந்தது.

காத்திருக்க அவளால் முடியவில்லை. அவன் சம்மதிக்குமுன்னும் தனிக்கடிதம் ஒன்று போட அதில் இடம் இருந்தது; அவனுக்கு மட்டும் தெரியும்படி எழுதத் தொடங்கினாள். 'தம்பி, அண்டைக்கு நடந்தது என்னெண்டால்' என்று தொடங்கி, யார் யார் நின்றது, யார் யாருக்குப் போன் எடுத்தது, தான் ஏன் எடுக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதினாள். வாசித்துப் பார்த்தாள். பள்ளிக்கூட அதிபருக்கு எழுதும் விளக்கம் போலிருந்தது. எல்லாவற்றையும் அழித்தாள்.

இந்த விளக்கம் ஒன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அவனுக்குச் சேர வேண்டிய சொல் ஒன்று இருந்தது. அதை ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அவள் எழுதினாள்:

'தம்பி, அக்கா கதைக்கிறன். எங்கை நிக்கிறாய்? ஒரு இடத்திலை இருந்துகொள். அப்பா எங்களை விட்டிட்டுப் போயிட்டாரடா.'

அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு இப்படி எழுதினால் என்ன நினைப்பான்? பைத்தியம் என்று நினைப்பான். இல்லாவிட்டால் இங்கேயும் கதவைச் சாத்துவான். அங்கே இப்போது மத்தியானம், வேலையில் நிற்பான், பார்க்கவே மாட்டான். கொம்பியூட்டரை மூடப் போனாள்.

பதில் வந்தது.

'எப்ப அக்கா?'

தனுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்களுக்குள்ளால் வழிந்தது. முதல்முறை கேட்கிறவன் கேட்பதுபோலத்தான் கேட்டிருந்தான். அவளும் முதல்முறை சொல்கிறவளாகவே பதில் எழுதினாள்.

'விடியக் காத்தாலை. எழும்பிக் கட்டில்லை இருந்தவர். தண்ணி கொண்டா பிள்ளை எண்டவர். கொண்டுவர முதல் சரிஞ்சிட்டார்.'

'நொந்ததோ?'

'இல்லையடா. அப்பிடித் தெரியேல்லை.'

'ஆர் பக்கத்திலை நிண்டது?'

'நான்தான்.'

'என்னைக் கேட்டவரோ?'

பொய் சொல்லலாம். கேட்டவர், உன் பெயரைச் சொன்னவர் என்று எழுதலாம்; இரண்டு பேருக்குமே ஆறுதலாக இருக்கும். விரல்கள் அதை நோக்கிப் போயும் விட்டன. ஆனால் இவனுக்கு இனி ஒரு பொய்யும் போகக்கூடாது என்று அவளுக்குப் பட்டது.

'கேக்க நேரம் கிடைக்கேல்லைத் தம்பி. முதல் நாள் இரா சாப்பிடேக்கை கேட்டவர், பெடியன் கதைச்சவனோ எண்டு.'

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அவன் எழுதுகிறானா, அழுகிறானா என்று காட்டும் வசதி எந்த வளவிலும் இல்லை. பிறகு நோர்வே இலக்கம் ஒன்று வந்தது. அதன் கீழே ஒரு வரி:

'அம்மாட்டைக் குடுங்கோ அக்கா.'

அவள் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். மகாதேவி குந்தியிருந்து குத்துவிளக்கின் தண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. தனுஷா இலக்கத்தை அழுத்தினாள். முதல் மணி அடித்து முடியுமுன் அங்கே அவன் எடுத்துவிட்டான்.

"அம்மா."

"என்ன?"

"தம்பி லைனிலை நிக்கிறான்."

தேய்க்கிற சத்தம் நின்றது. எனக்கு ஒரு பிள்ளைதான் என்று ஊரெல்லாம் சொன்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியில் கை கழுவவும் இல்லை. அப்படியே இருந்தாள். எழும்பிப் போய்விடுவாள் என்று தனுஷா நினைத்தாள். போனை மூடிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

"கை முழுக்கப் புளி" என்றாள் மகாதேவி. "காதிலை வை."

தனுஷா குனிந்து போனை அம்மாவின் காதோடு சேர்த்துப் பிடித்தாள். அங்கே மழைச் சத்தம் கேட்டது. பிறகு "அம்மா" என்று ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் "அம்மா, நான்."

மகாதேவி வாயைத் திறக்கவில்லை. காதை எடுக்கவும் இல்லை. தனுஷாவுக்குக் கை உளைந்தது. அவள் போனை மற்றக் கைக்கு மாற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.